கருவாட்டு வழக்கு

"உண்மையச் சொல்லிடுங்க. கருவாடு யாரு குடுத்தது?"

டாக்டர் பொன்னாயியின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த குழி மேலே எழும்பாமல் அப்படியே நின்றது. அறையில் இருந்தவர்கள் பார்வை எல்லாம் அவள் புருஷன் அமாவாசை மேல் திரும்பியது. அந்த வீட்டில் சமைப்பது அவர்தான்.

"கருவாடு வூட்டுக்குள்ளயே வர்றதில்லீங்க. உப்பு ஜாடியக்கூட எதுத்த வூட்டுல குடுத்து வச்சிருக்கேன். தண்ணி ஒரு நாளைக்கு ஒன்றர லிட்டர், அதுவும் பாட்டில்ல அளந்துதான்."

"அப்ப ரெண்டு நாள்ல எப்படி ஒன்றரைக் கிலோ எடை ஏறும்? உப்பத் தின்னவங்க தண்ணி குடிச்சுத்தானே ஆகணும். அந்தத் தண்ணிய வெளிய தள்ள இவங்க இருதயத்துக்குத் தெம்பில்ல. இன்னும் கொஞ்சம் சேந்தா நுரையீரல்ல போய் நிக்கும். உயிருக்கே ஆபத்து."

பொன்னாயி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ராத்திரி மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் அவளுக்குத் தூக்கம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும்.

ஆலத்தியூரிலிருந்து பெரம்பலூர் வர இரண்டு பஸ் மாற வேண்டும். முதலில் மாதம் ஒரு தடவை வரச் சொன்னார் டாக்டர். கால் வீங்கியிருக்கிறது என்று பதினைந்து நாளாக்கினார், அப்புறம் வாரமாக்கினார், இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள். அரை மாத்திரை ஒன்றாகி, ஒன்று இரண்டாயிற்று. வீக்கம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

"மாத்திரையாவது ஒழுங்காப் போடுறாங்களா?"

"வெடிஞ்சதும் நானே எடுத்துக் கையில குடுத்துட்டுத்தாங்க மத்த வேலையப் பாப்பேன். அந்த நீர் மாத்திரையப் போட்டா மத்தியானம் வரைக்கும் ஏழெட்டுத் தடவ கொல்லப்பக்கம் ஓடுறா. ஊர்ல இருக்கற அன்னிக்குக் காலு கொஞ்சம் வத்தித்தாங்க இருக்கு. இங்க வர்ற அன்னிக்குப் பாத்துத்தான்..."

"டாக்டரக் கண்டா காலு வீங்குதாக்கும்?" துணைக்கு வந்திருந்த பொன்னாயியின் தங்கை புஷ்பவல்லி குறுக்கே புகுந்தாள். "நீங்க குடுக்காம அக்காவுக்கு உப்பு என்ன, வானத்துலேருந்தா விழுந்துச்சு மாமா?"

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தப் பண்டத்தைத்தான் அமாவாசை ஏழு மாதமாகப் பெண்டாட்டியோடு உட்கார்ந்து தின்கிறார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுவதைக்கூட அவளுக்காகத்தான் விட்டார். கொடுத்தேன் என்றால் சாட்சி இருக்கும், கொடுக்கவில்லை என்பதற்கு எதைக் கொண்டுவந்து காட்டுவது? முன்னால் டாக்டர், பக்கத்தில் கொழுந்தியாள், நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் பேனாவை எடுத்தார். "இனிமே வீட்ட நம்பிப் பிரயோஜனமில்ல. இன்னிக்கே அட்மிட் பண்ணிடலாம். பத்து நாள் இங்கயே இருக்கட்டும்."

பத்து நாள் பெண்டாட்டியைப் பிரித்து வைக்கிறார்கள், அதுவும் தன்னிடமிருந்து அவளைக் காப்பாற்ற. அமாவாசை சுவரில் சாய்ந்தார்.

பொன்னாயி அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்தாள். அவள் முகத்தில் வருத்தத்தைக் காணோம்.

"இங்க கக்கூஸு கிட்டக்கவே இருக்குங்களா சார்?"

"ரூமுக்குள்ளயே இருக்கும்மா. ஏன் கேக்கறீங்க?"

பொன்னாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காலையில் புருஷன் கொடுத்த இரண்டு நீர் மாத்திரையும் அதில் முழுசாக இருந்தன.

"அப்ப இங்க போட்டுக்கறேங்க. பஸ்ஸுல வர்ற அன்னிக்கு இதப் போட்டுக்கிட்டு, வழியில நான் எங்கங்க எறங்கி ஒதுங்கறது?"