அடுப்பு இருக்கும் மாகாணம்

கோடு போடும்போது என்னைக் கேட்டார்களா, இப்போது மட்டும் எதற்குக் கேட்கிறார்கள் என்று அதெலா நினைத்தாள். ஆண்டிஸ் மலைச்சரிவில் புதிதாகப் பிரித்த மாகாணத்தின் எல்லை அவள் வீட்டுக்கு நடுவே ஓடியது. அடுப்பு எந்தப் பக்கமோ, வீடும் அதன் பின்னால் ஊறும் சுனையும் அந்தப் பக்கம்தான் என்பது அங்கே வழக்கம். அவள் அடுப்பு பழைய மாகாணத்தில் இருந்தது. கீழே ஊர் முழுக்க அந்தச் சுனைத் தண்ணீரைத்தான் குடித்தது. புதிய மாகாணமோ அதைத் தாமிரச் சுரங்கத்துக்குக் கொடுக்கப் போகிறது.

"சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்புக் கல்லு நாலைத் தூக்கி வைக்கணும், அவ்வளவுதாம்மா. ஆளுங்களோட வந்திருக்கேன்," என்றார் புதிய மாகாணத்து அதிகாரி ரமிரோ.

"மலையையே பிரிச்சவங்களுக்கு நாலு கல்லுக்கு நான் எதுக்குய்யா?"

"வீட்டுக்காரங்க சம்மதம் வேணும்மா." அவர் சிரித்தார். "அடுப்பும் ஆறித்தானே கிடக்கு."

அந்தச் சிரிப்பைவிட, பழக்கதோஷத்தில் தானும் பதிலுக்குச் சிரிக்கப் போனதுதான் அவளைச் சுட்டது. அவள் குனிந்து சுள்ளிகளைச் செருகினாள். தீக்குச்சியை உரசினாள். தீ பற்றியதும், சோளம் நிறைந்த பானையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.