ஏழாவது மண்

ஏழாவது மண் உடையவில்லை.

அனுப்பிரியா திரையை மறுபடி பார்த்தாள். கோடு ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. ஆறு முறை அது அங்கேதான் சரிந்திருந்தது.

கடலுக்கடியில் மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. வாயுவை எடுத்தால் அந்தப் பிடி போய்விடும். பிடி போன மண் எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்ப்பதுதான் சிதம்பரத்து ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. கழுவிய மணலை ரப்பர் உறையில் அடைத்து, குளிரிலும் அழுத்தத்திலும் அதற்குள் வாயுவை உறைய வைப்பாள். பிறகு வாயுவை வெளியே விட்டு, மேலிருந்து அமுக்குவாள்.

ஆறும் உதிர்ந்தன. இது நின்றது.

ஏன் என்று தெரியவில்லை. வாயு எடுக்கப்போகும் கம்பெனியோடு கடலூரில் கூட்டம் பதினொரு மணிக்கு. அவளுடைய வழிகாட்டி சபாபதி அங்கிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டார். பத்தே முக்காலுக்கு எண்ணை அனுப்பினாள். கீழே ‘சரிபார்க்க வேண்டும்’ என்று சேர்த்தாள்.

அதன் பிறகுதான் உறையைக் கிழித்தாள்.

மணலுக்கு நடுவே வெள்ளையாகக் கட்டி பிடித்திருந்தது.

வாயு முழுதாகப் போகவில்லை போலிருக்கிறது. உறைந்தது மிச்சம் இருக்கிறது, அதனால்தான் நின்றது. அவளுக்கு மூச்சு வந்தது. இந்தச் சூட்டில் அது ஐந்து நிமிடத்தில் நுரைத்துக் கரைந்துவிடும்.

கால்மணி நேரம் பார்த்தாள். கரையவில்லை.

லைட்டரைக் காட்டினாள். மீத்தேன் என்றால் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

போன் அடித்தது. சபாபதி.

“அனு, பிரமாதம்! கம்பெனிக்காரங்க மூஞ்சில இப்பதான் சிரிப்பே வருது. அந்த ஆறையும் விட்டுடலாம்மா. கை பழகறதுக்கு முன்னாடி பண்ணது.”

“சார், உள்ள ஏதோ வெள்ளையா…”

“சாயந்திரம் பேசலாம்.”

அவள் ஒரு துண்டைக் கிள்ளி விரலில் தேய்த்தாள். மாவு போல வழவழத்தது. முகர்ந்தாள். தெரிந்த வாசனை. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

பக்கிரி டீயோடு வந்தார். மணலைக் கழுவி, காயவைத்து, எடை போட்டுக் கொடுப்பவர் அவர்தான்.

“நின்னுச்சா மேடம்?”

ஒவ்வொரு வாரமும் கேட்பார். சாப்பிட்டீங்களா என்று கேட்பதைப் போலத்தான் அவள் அதை எடுத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றால், “வாரம் ஒரு மண்ணு, வாரம் ஒரு ஒப்பாரி” என்று சிரித்துவிட்டுப் போவார்.

“நின்னுச்சுண்ணே” என்றாள்.

பக்கிரி சிரிக்கவில்லை. டீயை வைத்துவிட்டு இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெற்றியில் மூன்று பட்டை, காலையில் பூசியது.

அனுப்பிரியா அந்த நெற்றியைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள்.

“அண்ணே, மணல்ல என்ன போட்டீங்க?”

அவர் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். “நடராஜர் கோயில் துன்னூறு மேடம். ஒரே ஒரு பொட்டலம். எட கொறயாம பாத்துக்கிட்டேன், பயப்படாதீங்க. ஆறு வாரமா நீங்களும் படாத பாடு படறீங்க. எனக்கும் வேற யாருகிட்ட போயி…”

மறுமுனையில் அவர் மகன் எடுத்தான்.

“டேய் தமிழு! நிக்குதுடா. மேடமே சொல்லிட்டாங்க. நீ அந்த கம்பெனிக் கப்பல் வேலைக்கு கையெழுத்து போட்டுடு. கடல தொளச்சாலும் அடிமண்ணு வுடாது. ரெண்டு மாசமா இதுக்குத்தான உன்ன இருடா இருடான்னேன்?”

அனுப்பிரியா எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

“போன குடுங்கண்ணே.”

பக்கிரியின் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் நீட்டினார்.

“நீங்களே சொல்லுங்க மேடம். நான் சொன்னா நம்பமாட்டான்.”

வாங்கினாள். கறுத்த திரையில் அவள் விரல் வெள்ளையாகப் பதிந்தது.

“மேடம்?” என்றான் தமிழ்மணி. “நெசமாவே நின்னுச்சா?”