பூநாரை பார்க்க வந்தவர்கள்

கடலைப் பார்ப்பதற்கென்றே போட்டிருந்த வாங்கில் கதிர்காமநாதன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அப்பா மற்றப் பக்கம் திரும்பி இருக்கிறீங்கள்?" என்று ஆதிரை கேட்டாள்.

"காத்து முகத்தில அடிக்குது, பிள்ளை."

உண்மையில் காற்று நிலத்துப் பக்கமிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. ஆதிரை அதைச் சொல்லவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்து, உப்புநீர் ஏரியில் நின்ற பூநாரைகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

சிசிலித் தீவின் தென்கரையில் இருந்த இயற்கைப் பூங்கா அது. கோடையில் நடக்க இடமில்லாமல் சனம் நிற்குமாம். இந்த மார்கழிக் குளிரில் அப்பாவையும் மகளையும் விட்டால் வயதான காவலாளி ஒருவர்தான் இருந்தார். நாணலுக்கு நடுவே பலகைப் பாதை, அதற்கப்பால் கூரை போன பழைய மீன் தொழிற்சாலை, அதற்கும் அப்பால் கடல்.

மனைவி பிறேமா புற்றுநோயில் போன பிறகு கதிர்காமநாதன் வேலை, வீடு என்று சுருங்கிப்போயிருந்தார். கடைசிக் கிழமைகளில் ஆஸ்பத்திரியில் தாயோடு கூடவே இருந்தவள் ஆதிரைதான். அவர் உள்ளே போனால் தாயும் மகளும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தன்னை அழவைக்கக் கூடாதென்றுதான் அப்படிச் செய்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கொள்வார்.

அப்பாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஆதிரை பிடிவாதமாக நின்றாள். மலைப்பக்கம் போகலாம் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. வேலையில் உர்லாப் லீவு எடுத்து, எல்லா ஒழுங்கும் செய்துவிட்டு, ஜெர்மனியில் ஹம்பேர்க் விமான நிலையத்தில் வைத்துத்தான் தீவின் பெயரைச் சொன்னாள். அவர் பயணச்சீட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

ஹம்பேர்க் துறைமுகத்துக் களஞ்சியத்திலேயே காலம் முழுக்க வேலை செய்தவர், ஒருநாளும் படகில் ஏறியதில்லை. சின்ன வயதில் ஆதிரை எல்பே ஆற்றில் படகு ஓட வேண்டும் என்று அடம்பிடித்து அழுவாள். பிறேமா அவளைத் தூக்கிக்கொண்டு ஊஞ்சலடிக்குப் போய்விடுவாள். தொலைக்காட்சியில் இத்தாலிக் கடற்கரை வந்தால் பிறேமா எழுந்துபோய் அதை நிறுத்துவாள். ஏனென்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

ஆதிரை காவலாளியிடம் போய் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கடலில் ஓரிடத்தைக் கை நீட்டிக் காட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பறவைகளைப் பற்றித்தான் கதைக்கிறார்கள், காற்றுக்குப் பறந்துவிடும் என்று தொப்பியைக் கழற்றியிருப்பார் என்று கதிர்காமநாதன் நினைத்தார்.

திரும்பி வந்தவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பூநாரைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"நான் இந்தக் கடலாலதான் வந்தனான், பிள்ளை" என்றார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபடியால்தான் அவரால் சொல்ல முடிந்தது. இதே மாதிரி ஒரு மார்கழியில் கப்பலில் இருந்தவர்களை இருட்டோடு இருட்டாகச் சின்னப் படகுக்கு இறக்கினார்கள். படகு பாரம் தாங்கவில்லை. தபோதரன் என்றொருவன் அவரோடு வந்தான். கப்பலில்தான் பழக்கம், ஆனால் வழி நெடுக ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். தண்ணீருக்குள் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். விடிந்து, மீன்பிடிப் படகொன்று அவரைத் தூக்கியபோது அவருடைய கை வெறுமையாக இருந்தது.

"எப்ப விட்டன் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். "நான் ஆஹென் நகரத்துக்குப் போக வெளிக்கிட்டவன். ஹம்பேர்க்குக்கு வரவேண்டியவன் அவன்தான். அங்க அவனைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவை."

அதோடு நிறுத்திக்கொண்டார். இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சொல்வதில்லை என்று பிறேமாவுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. வாக்கைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது. அதையும் சொன்னால் இவள் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்ற பயம் இந்த வயதிலும் அவரை விட்டுப் போகவில்லை.

ஆதிரையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. குளிரில் விறைத்துப்போயிருந்த அவருடைய கையை எடுத்துத் தன் ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கையை ஏன் விட்டீங்கள் என்று கேட்கப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்தபடி காத்திருந்தார்.

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என்னைப் பெத்தவருக்கு நீந்தத் தெரியுமோ, அப்பா?"