எண்பதில் நின்ற மணல்

"எண்பது பர்சென்ட் மணலு எங்கம்மா போச்சு?" என்று கேட்டார் சின்னதுரை.

மயிலம் சாலையில் அவருடைய கிரஷர். கல்லை அரைத்து எடுக்கும் எம்-சாண்ட் மணலை உயரமான இரும்புத் தொட்டியில் சேர்த்து வைப்பார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, தொட்டியின் உச்சியில் சனிக்கிழமை சாயங்காலம்தான் புது சென்சார் மாட்டினார்கள். இன்று திங்கட்கிழமை. காலையில் ஆபீஸ் திரை எண்பது என்றது. அரை லாரி நிரம்புவதற்குள் தொட்டி காலி. திரை மட்டும் இன்னும் எண்பதிலேயே நின்றது.

"தெரியலைங்க மொதலாளி. திரையில இருக்கிறதத்தான் எழுதிக்கினு வர்றேன்," என்றாள் ஆபரேட்டர் புனிதா.

"நேத்து லீவுல மணலை ஏத்தி அனுப்பிட்டு, சென்சார்ல ஏதோ பண்ணி வச்சிருக்கீங்க." விரலில் ஒட்டியிருந்த கறுப்பு பெயிண்டை வேட்டியில் துடைத்தார். "தொட்டி மேல ஏறுற ஏணிக் கதவு சாவி உன்கிட்டதான இருக்குது?"

"என்கிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணுங்க."

"அப்போ நான் திருடினேன்றியா?"

புனிதா குனிந்து நோட்டைப் புரட்டினாள். இரண்டு பிள்ளைகளின் படிப்பு இந்த வேலையை நம்பித்தான் ஓடுகிறது. சின்னதுரை இளகவில்லை. வாய் திறக்காதவர்களைத்தான் அவர் முதலில் சந்தேகப்படுவார், திறந்தவர்களை அடுத்ததாக.

சென்சார் மாட்டிய ஜினேஷ் திண்டிவனத்திலிருந்து வந்து, ஏணியில் ஏறிப் பார்த்தான்.

"சென்சார் நல்லாத்தான் சார் இருக்குது," என்று மேலிருந்து கத்தினான். "இது கீழ சத்தம் அனுப்பி, மணல்ல பட்டுத் திரும்புற நேரத்தை வச்சு அளக்கும். நடுவுல யாரோ ஒரு சாமானைக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. அதையே மணலுன்னு காட்டிக்கினு இருக்குது."

"கேட்டியாம்மா? கட்டினது யாரா இருந்தாலும் இன்னியோட இங்க வேலை கிடையாது. ஜல்தியா எறக்குப்பா."

கயிற்றில் ஆடி ஆடி இறங்கி வந்தது ஒரு திருஷ்டிப் பூசணிக்காய். உருட்டு விழி, தொங்கும் நாக்கு, கறுப்பு பெயிண்டில் முறுக்கு மீசை.

"புது மெஷினுக்குக் கண்ணு பட்டுடும்னு கட்டியிருக்காங்க. யாருங்க மொதலாளி அது?" என்றாள் புனிதா.

சின்னதுரை கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் யாருக்கும் தெரியாமல் அவர் வரைந்த மீசையின் கறுப்பு நகக்கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.