இளவரசர் அளவுப் பெட்டி

அரண்மனைச் சலவைக்காரி லியான் பேரரசருக்குப் பெற்ற பிள்ளைக்கு நான்கு வயதுவரை எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை. அவன் காய்ச்சலில் கண்மூடிய மறுநாள் பேரரசர் மனமிரங்கி, ‘அமைதிப் பெருநிலத்து இளவரசர்’ ஆக்கிவிட்டார். இளவரசர் என்றால் ஆறடிச் சவப்பெட்டிதான், சட்டம் அப்படி.

“இவ்வளவு பெரிசா? உள்ளே உருளுவானேய்யா. என் போர்வையையாவது சுத்தி வைக்கிறேன்,” என்றாள் லியான்.

“உருளுவார்னு சொல்லும்மா,” என்றார் சடங்கு அதிகாரி. “சலவைக்காரி போர்வை இளவரசர் மேலே படலாமா?”

பெட்டியைத் தூக்கிப் படியிறங்கியபோது உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். முரசைப் பலமாக அடிக்கச் சொன்னார் அதிகாரி. லியான் பெட்டியை ஒட்டி நடந்தபடி, தூங்கவைப்பதுபோல் மரத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். தெருத் திருப்பத்தில் உள்ளேயிருந்தும் ஒருமுறை தட்டியது.