வாசலுக்கு வாசல் விளக்கு

மலேசியாவின் மாசாய் நகரில், அந்த அடுக்குமாடி முன்னால் ஜீப்பை விட்டு இறங்கியதுமே இன்ஸ்பெக்டரின் முகம் கடுகடுத்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த கோப்ரல் ரூபேந்திரனும் அண்ணாந்து பார்த்தான். மாடிக்கு மாடி, வாசலுக்கு வாசல் அகல்விளக்கு!

"கமலநாதனை விடச் சொல்லி யாரும் மெழுகுவத்தி ஏத்தக் கூடாதுன்னு நேத்தே சொன்னேனே!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

எந்திரத்தில் விரலைப் பறிகொடுத்த தொழிலாளர்களுக்காகப் பேசியவன் கமலநாதன். என்ன குற்றம் என்றே சொல்லாமல் அவனை உள்ளே வைத்திருந்தார்கள். அவன் மனைவி பிரேமலா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மெழுகுவத்தி எங்க இருக்கு துவான்? இன்னிக்குக் கார்த்திகை தீபம் லா. சாமி கும்பிடறோம். சாமியையும் பிடிச்சிட்டுப் போகப்போறீங்களா?"

இன்ஸ்பெக்டர் ரூபேந்திரன் பக்கம் திரும்பினார். "நீ இந்துதானே? இவ சொல்றது உண்மையா?"

பிரேமலாவும் அவனையே பார்த்தாள்.

"பெரிய திருநாள் துவான். விளக்கை அணைச்சா குடும்பத்துக்கே ஆகாது," என்றவன், குரலைத் தாழ்த்திச் சேர்த்தான்: "அணைக்கச் சொன்னவங்களுக்கும்தான்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். "நான் வீட்டுக்குப் போறேன்."

ஜீப் தெருமுனை திரும்பியதும் ரூபேந்திரன் மனைவிக்குப் போன் போட்டான்.

"லோஷினி, உடனே வாசல்ல ரெண்டு விளக்கு ஏத்து."

"எதுக்குங்க?"

"இன்னிக்குக் கார்த்திகை தீபம்."

"அலமாக்! அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். எதிர்வீட்டு இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அவரு வந்துகிட்டிருக்காரு, சீக்கிரம் ஏத்துடி!"