நூறாவது காலடி

"நூறு காலடிம்மா. திரும்பிப் பாக்காம நேரா மேல ஏறுங்க," என்றார் மரக் கம்பெனி அதிகாரி.

தபால்காரி செருப்பைக் கழற்றி ஓடைக் கரையில் விட்டாள். கையில் ஒரு சுருள் சிவப்பு நாடா. நூறாவது காலடியில் நிற்கும் மரத்தில் அதைக் கட்ட வேண்டும். அதற்குக் கீழே ஓடை வரைக்கும் கோடரி படாது. அதற்கு மேலே கம்பெனி வெட்டிக்கொள்ளலாம்.

விடிந்து வெகுநேரமாகியும் மூடுபனி கலையவில்லை.

கரையில் ஊரே நின்றது. ஒரு பக்கம் மர அறுப்பு ஆலையில் வேலை செய்பவர்கள். மறுபக்கம் ஓடைத் தண்ணீரை நம்பிப் பயிர் வைப்பவர்கள். நடுவே மடக்கு மேசை, அதன் மேல் ஒப்பந்தத் தாள், பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்.

மூன்று மாதப் பேச்சு இது. கம்பெனி ஐம்பது காலடி என்றது, ஊர் இருநூறு என்றது. அளக்கும்போது டேப்பை யார் பிடிப்பது என்பதிலேயே ஒரு கூட்டம் முழுதாகப் போயிற்று. கடைசியில் நூறு என்று முடிவாகி, நடப்பதற்கு இவளைப் பிடித்தார்கள்.

காரணம் இருந்தது. கணவன் ஆலையில் இரண்டாம் ஷிப்டு. மரம் குறைந்தால் முதலில் மூடப்போவது அந்த ஷிப்டுதான். தம்பி ஓடைக்கரை மரங்களுக்கடியில் தேன்பெட்டி வைத்திருக்கிறான். மரம் போனால் தேனீயும் போய்விடும்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தன் வீட்டு மேலேயே விழுவாள், அதனால் சாயமாட்டாள் என்பது ஊர்க்கணக்கு. மத்தளத்தின் பாடு அவளுக்கு.

கூட யாரும் போகக்கூடாது என்பதும் பேசி வைத்ததுதான். எதிர்ப்பக்கத்து ஆள் அவள் காதில் ஏதாவது ஓதிவிடுவானோ என்று இரண்டு பக்கத்துக்கும் பயம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பத்தாவது காலடியில் பின்னாலிருந்த இருமலும் முணுமுணுப்பும் தேய்ந்தன. இருபதில் கரையே இல்லை. பால் கரைத்த தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, அவளைப் பார்த்துவிட்டு, பின்னால் போய்க் கரைந்தன.

போன வருடம் பக்கத்துக் குன்றில் கரை வரைக்கும் வெட்டினார்கள். அடுத்த கோடையில் அங்கே ஓடை இருந்த இடத்தில் வெறும் கல்வரிசை கிடந்தது. அந்தப் பக்கத்து வீடுகளுக்குத் தபால் கொடுக்கப் போனால், குடிக்கத் தண்ணீர் கேட்க இவளுக்கு நா எழாது.

அதே வருடம்தான் ஆலையில் இரண்டாம் ஷிப்டும் வந்தது. பிழைக்க வெளியூர் போன பதினொரு பேர் மூட்டை முடிச்சோடு திரும்பினார்கள். அவள் கணவனும் அதில் ஒருவன். விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் "வாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்த மகள், இரண்டே மாதத்தில் "வாப்பா" என்றாள்.

எட்டி வைத்தால் அந்த "வாப்பா"வுக்கு ஆபத்து. குறுக்கி வைத்தால் தண்ணீருக்கு ஆபத்து.

அவள் தபால் பை தோளில் தொங்கும் நாளில் எப்படி நடப்பாளோ, அப்படியே நடந்தாள்.

பெரணிகள் கெண்டைக்காலைத் தடவின. எங்கோ ஒரு தேன்பெட்டி தூக்கத்தில் பேசுவதுபோல் ரீங்கரித்தது. பனிக்குள் ஒரு வெளிச்சம் வந்து, எங்கிருந்து வந்தோம் என்று மறந்துவிட்டதுபோல் அங்கேயே நின்றது. அவளுக்குத் தன் உடம்பின் கனம் தெரியவில்லை. பாதம் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் விரல்களுக்கு நடுவே குளிர்ந்த ஈரம் பிதுங்கி ஏறியது. மலை மெதுவாக மூச்சுவிட, அந்த மூச்சின் மேலேயே நடப்பதுபோல் இருந்தது.

ஏறினாள். ஏறிக்கொண்டே இருந்தாள்.

ஓரிடத்தில் ஈரம் நின்றது. காலடியில் மண் உதிர்ந்து பொடிந்தது. அவளும் நின்றாள்.

பக்கத்தில் இருந்த மரத்தில் நாடாவைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டாள்.

"நூறு!"

குரல் பனிக்குள் இறங்கிப் போயிற்று. கொஞ்சம் பொறுத்து, கீழேயிருந்து ஒரு பெருமூச்சு ஏறி வந்தது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. அதனால்தானோ என்னவோ, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் அவளை அடுப்படியில் தனியாகப் பிடித்தான். அவன் ஆறடிக்கு மேல் உயரம், காலை அகட்டி வைத்தால் ஒரு வாய்க்காலைத் தாண்டுவான். "நான் போய் நடந்து பாத்துட்டேன். எண்பத்தெட்டுதான் வருது. எங்க பொழப்புக்காகத்தானே குறைச்சே? உயிர் போனாலும் வெளிய சொல்லமாட்டேன்," என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் தம்பி ஒரு புட்டித் தேனோடு வந்தான். அம்மாவைப் போலவே அவனுக்குக் குட்டைக் கால். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு தடவை எண்ணினேன். நூத்திப் பதினேழு. மாமாவுக்குத் தெரியவேண்டாம்," என்றான்.

இரண்டு பேரிடமும் அவள் லேசாகச் சிரித்து வைத்தாள்.

முப்பத்தொன்பதுக்குப் பிறகு அவள் எண்ணவே இல்லை.